வாயுக்குழியின் மூடி

விடிந்தும் விடியாத பனியில், கை விறைக்க விறைக்கச் செபமாலை சாணி கரைத்துக்கொண்டிருந்தான். ஒரு பக்கம் தலவாக்கலைச் சந்தையில் அழுகிய கோவா இலை, மறுபக்கம் பால் பெக்டரியின் புளித்த கழிவுநீர். மூன்றையும் கலந்து மிதித்துக் குழிக்குள் விட்டால் வாயு வரும். அதில்தான் சண்முகராஜா முதலாளியின் பேக்கரி அடுப்புகள் எரிந்தன. மிதித்தவர்களின் லயத்து வீடுகளில் இன்னும் விறகுப் புகைதான். என்ன நியாயமோ!

லயத்து மாடு ஒன்றுக்குத் தினம் இரண்டு வாளி சாணி என்று சட்டம் போட்டவர் முதலாளி. மேய்ச்சல் நிலத்தை வேலியடைத்தவரும் அவரே. சாணி தராதவனுக்கு வேலையில்லை. வேலையில்லாதவனுக்கு லயத்தில் குடியிருக்கக் காம்பிராவும் இல்லை.

அன்று வாயு வரவில்லை. வேனில் வந்திறங்கிய முதலாளி, குழிவாயில் கழியை விட்டுக் கிளறினார். கறுப்பாக ஒட்டிக்கொண்டு வந்தது.

"தேயிலைக் குப்பை! சாணியில இதக் கலந்தது யாரு?"

தேயிலைப் பெக்டரி ஒதுக்கும் அந்தக் குப்பை கரையாது. மேலே மிதந்து, ஆடைகட்டி, வாயுவை அடைத்துவிடும். செபமாலையின் மனைவி றொசானா தலைகுனிந்தாள்.

"நான்தாங்க. மாடு மெலிஞ்சு போச்சு. ரெண்டாவது வாளி நெறையல."

"அப்ப ஒன் புருசன் உள்ள எறங்கி வழிச்செடுக்கட்டும்."

போன மாதம் இறங்கிய கஜேந்திரன் மூச்சடைத்து விழுந்து, இன்னும் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான்.

"மூடியத் தொறந்து, குழிய எறச்சு, நாலு நாளு காத்தோட்டமா விடணுங்க," என்றான் செபமாலை.

"நாலு நாளு பேக்கரிய மூடவா? எறங்கலைன்னா இன்னைக்கே காம்பிராவக் காலி பண்ணு."

செபமாலை இடுப்பில் கயிற்றைக் கட்டினான்.

"வேணாங்க," என்று றொசானா கையைப் பிடித்தாள்.

"புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு எங்க போறது? சொல்லு."

அவள் பிடியை விட்டாள்.

அப்போது, சாணி கொண்டுவந்தவர்களோடு நின்ற அடுத்த காம்பிரா மீனம்மா தன் வாளியைக் கவிழ்த்தாள். சாணிக்கடியில் கறுப்பாகத் தேயிலைக் குப்பை.

"நானுந்தான் கலந்தேன். நம்ம ஒரு வாளிதானேன்னு நெனச்சேன்."

அவள் பின்னால் நின்ற ஜீவராஜும் கவிழ்த்தான். "எங்க வீட்டுலயுந்தான்."

மற்றவர்களும் கவிழ்த்தார்கள். தன் வீட்டுக் குற்றமென்று ஒவ்வொருவரும் ஒளித்தது இருபத்திரண்டு வாளியிலும் இருந்தது.

"எல்லாருமா சேந்து ஏமாத்துனீங்களா?" முதலாளி கத்தினார்.

"எல்லா மாட்டையும் பட்டினி போட்டது நீங்கதானே ஐயா? இப்ப யாரை எறக்குவீங்க?"

கேட்டுவிட்டு மீனம்மா போய்க் குழியின் மூடிமேல் உட்கார்ந்துகொண்டாள். ஜீவராஜ் பக்கத்தில் உட்கார்ந்தான். பிறகு மற்றவர்களும்.

"பொலிஸ் வரும். பொழுது சாய்றதுக்குள்ள ஒங்க சட்டிபானையெல்லாம் ரோட்டுல கெடக்கும்!"

செய்யக்கூடியவர்தான். வேறு வீடு யாருக்கும் இல்லை. பயம் எல்லோர் முகத்திலும் இருந்தது. ஆனால் ஒருவரும் எழவில்லை.

இறுகிப்போன முடிச்சைச் செபமாலையால் அவிழ்க்க முடியவில்லை. றொசானா குனிந்து பல்லால் கடித்து இழுத்தாள். அவன் கயிற்றைச் சுருட்டி முதலாளியின் காலடியில் வைத்தான்.

"குழி ஒங்களுதுங்க. மாடு எங்களுது. நாளைக்கி ஒரு வாளியும் வராது."