இந்த வருஷம் நிஜமாகவே வலித்தது

என் ஓரகத்தி ஜங்ரானுக்கு வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் உடம்புக்கு முடியாமல் போகும். அது எங்கள் வீட்டில் குளிர்காலத்துக்குக் கோஸில் மிளகாய் விழுது தடவிக் கிம்ச்சி ஊறுகாய் போடுகிற நாள். முதல் வருஷம் இடுப்புப் பிடித்துக்கொண்டது. அடுத்த வருஷம் ஒற்றைத் தலைவலி. போன வருஷம் வலது மணிக்கட்டில் பட்டை சுற்றிக்கொண்டு வந்தாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்தால் பட்டை இடது கையில் இருந்தது. நான் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ரகமில்லை நான்.

எங்கள் ஊர் ஹேனாமில், தோட்டத்துக் கோஸ் இந்த வருஷம் இருநூறு. முந்தின நாளே பிளந்து உப்பில் போட்டுவிட்டேன். காலையில் கொழுந்தன் தேசுங் காரை நிறுத்தியதும் ஜங்ரான் இறங்கினாள். ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு நேராகத் தொட்டிப் பக்கம் போய் உட்கார்ந்து கோஸ் அலச ஆரம்பித்துவிட்டாள். என் கண்ணை என்னாலேயே நம்ப முடியவில்லை.

"என்னடி, இந்த வருஷம் எங்க வலி? முன்னாடியே சொல்லிட்டா மெத்தை விரிச்சு வச்சிடுவேன்ல" என்றேன்.

"ஒண்ணும் இல்லக்கா. நல்லாத்தான் இருக்கேன்."

குவாங்ஜு நகரத்துக்காரிக்கு நல்ல புத்தி வந்துவிட்டது என்று எனக்கு ஒரே பூரிப்பு. மதியம் வரை வாயே திறக்காமல் வேலை பார்த்தாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை.

மதியம் பன்றிக்கறி வெந்தது. புதுக் கிம்ச்சியில் ஒரு துண்டைச் சுருட்டி அவள் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டு தட்டுக் கறியைத் தனியாகக் காலி பண்ணுகிறவள். கொஞ்ச நேரத்தில் கொட்டகைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தாள்.

செரிமானக் கோளாறு என்றால் எங்கள் ஊரில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். தோளிலிருந்து கைவரை நீவி, கட்டைவிரலில் நூலை இறுக்கிக் கட்டி, நகக்கண்ணுக்குக் கீழே ஊசியால் ஒரு குத்து. கறுப்பு ரத்தம் எட்டிப் பார்த்தது.

"பாத்தியா, எவ்வளவு கறுப்பு. செரிக்காம அப்படியே நிக்குது. இனி சரியாப் போயிடும்."

அரை மணி கழித்து, தொப்புள் பக்கம் வலி குறைந்த மாதிரி இருக்கிறது என்றாள். நான் சும்மா இருப்பேனா? மிளகாய் விழுதோடு உட்கார்ந்திருந்த பெண்களிடமெல்லாம் என் ஊசியின் பெருமையைப் பாடினேன். ஆனால் அவள் எழுந்து வந்தபோது கூனிக்கொண்டு நடந்தாள். அடியில் சூடு ஓடுகிற அறைத் தரையில் படு என்றேன். நீட்டிப் படுக்க முடியாமல் முழங்காலை வயிற்றோடு சேர்த்துச் சுருண்டாள்.

"ஆரம்பிச்சாச்சா உன் நாடகத்த?"

தலைவலிக்கே மூன்று ஊரைக் கூட்டுகிறவள் இன்று உதட்டைக் கடித்துக்கொண்டு கிடக்கிறாள். வெந்நீர்ப் பையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

கிம்ச்சி வாங்கிப் போகக் கிண்ணத்தோடு வந்திருந்தாள் மிஹ்வா, எங்கள் ஊர்ச் சுகாதார நிலையத்து நர்ஸ். பையை என் கையிலிருந்து பிடுங்கினாள்.

"சூடு வைக்காதீங்க. எதுவும் குடிக்கக் குடுக்காதீங்க, மாத்திரையும் வேணாம்." பிறகு ஜங்ரானிடம், "எப்ப ஆரம்பிச்சது?" என்றாள்.

"விடியக்காலைல. தொப்புளச் சுத்தி."

"இப்ப எங்க?"

ஜங்ரான் வலது பக்கம் அடிவயிற்றைக் காட்டினாள். பசி முந்தின நாள் ராத்திரியிலிருந்தே இல்லையாம். காய்ச்சல் லேசாக அடித்தது. மிஹ்வா அந்த இடத்தை மெல்ல அழுத்தினாள், ஜங்ரான் பொறுத்துக்கொண்டாள். மிஹ்வா கையைச் சட்டென்று எடுத்தாள். ஜங்ரான் வீடே அதிரக் கத்தினாள்.

"குடல்வால் மாதிரி இருக்கு. ஸ்கேன் பாத்தாத்தான் உறுதியாத் தெரியும். ஆனா இனிமே ஒரு நிமிஷம் வீட்ல வச்சிருக்கக் கூடாது."

"என் ஊசில குறைஞ்சுதே" என்றேன்.

"குறையலக்கா, எறங்கியிருக்கு. தொப்புள்ல ஆரம்பிச்சு வலப்பக்கம் எறங்குறதுதான் அதோட வழி. நூலக் கட்டிக் குத்துனா யாரு விரல்லயும் கறுப்பாத்தான் வரும்."

நாற்பது வருஷம் ஊரின் விரல்களைக் குத்தியவளுக்கு இதைவிடச் செருப்படி வேண்டாம்.

ஆம்புலன்ஸ் பக்கத்து ஊருக்குப் போயிருந்தது, வர முக்கால் மணி ஆகும் என்றார்கள். டவுன் ஆஸ்பத்திரி இருபத்தைந்து நிமிஷம். என் வீட்டுக்காரரும் கொழுந்தனும் கறியோடு அரிசிக் கள்ளை ஏற்றிக்கொண்டு சிவந்து உட்கார்ந்திருந்தார்கள். கோஸ் லாரியின் சாவியை நானே எடுத்தேன்.

மிஹ்வா ஜன்னலில் தலையை விட்டுச் சொன்னாள்: "போற வழில வலி திடீர்னு நின்னுட்டா, சரியாப் போச்சுன்னு திரும்பிடாதீங்க. வெடிச்சிருக்கலாம். இன்னும் வேகமாப் போங்க."

ஒவ்வொரு வேகத்தடையிலும் ஜங்ரான் முனகினாள். முனகல் நின்றால் எனக்கு உயிர் போயிற்று.

"வலிக்குதா?"

"வலிக்குதுக்கா."

"நல்லது. நல்லா வலிக்கட்டும்."

ஈரக்கண்ணோடு திரும்பிப் பார்த்தாள். "எம்மேல அவ்வளவு கோவமாக்கா?"

மிஹ்வா சொன்னதை விளக்கினேன். ஜங்ரான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "மூணு வருஷமும் பொய்தான். இடுப்பு, தலை, கை, எல்லாம். இன்னைக்கு காலைல எந்திரிக்கும்போதே உயிர் போச்சு. சொன்னா நீங்க சிரிப்பீங்கன்னுதான் சொல்லல."

ரோடு தெரியாத அளவுக்கு எனக்குக் கண்ணீர் வந்தது. அவள் பொய் சொன்னாள், சரி. நிஜத்தைச் சொல்ல விடாமல் பண்ணினது யார்? என் வாய்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் நான் குதித்து இறங்கியதும் இரண்டு பேர் தள்ளுபடுக்கையோடு ஓடி வந்து என்னைப் பிடித்துப் படுக்க வைக்கப் பார்த்தார்கள். முழங்கை வரை மிளகாய் விழுது, ஏப்ரன் முழுக்கச் சிவப்பு. "ஏய், இது கிம்ச்சிடா, ஆளு லாரிக்குள்ள இருக்கா" என்று விரட்டினேன். அந்த வலியிலும் ஜங்ரானுக்குச் சிரிப்பு வந்து, சிரித்ததில் இன்னும் வலித்து, என்னை நன்றாகத் திட்டினாள்.

ஸ்கேன் பார்த்து உடனே அறுவை சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். சீழ் கோத்து வீங்கியிருந்தது, வெடிக்கவில்லை, நேரத்தோடு வந்தீர்கள் என்றார் டாக்டர். நான் அவர் கையைப் பிடித்து ஆட்டியதில் அவருக்கும் கொஞ்சம் மிளகாய் ஒட்டியது.

மறுநாள் ஆறு படுக்கை வார்டில் எல்லோருக்கும் அவளிடம் ஒரே கேள்வி: காற்றுப் பிரிந்ததா? பிரிந்தால்தான் குடல் வேலை செய்கிறது என்று அர்த்தம், அப்புறம்தான் கஞ்சி என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். நகரத்துச் சீமாட்டி வெட்கத்தில் போர்வைக்குள் புதைந்தாள். சாப்பிட்டு முழுதாக இரண்டு நாள் ஆகியிருந்தது. சாயங்காலம் தலையை மட்டும் நீட்டி மெல்லச் சொன்னாள்: "போயிடுச்சு."

நர்ஸ் நம்பாமல் பார்த்தாள். "பசிக்குதுன்னு எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க. நீங்க கேட்டீங்களா?" என்று என்னிடம் திரும்பினாள்.

எனக்கு எதுவும் கேட்கவில்லை.

"அவ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றேன். "வலிக்குதுன்னா வலிக்குது. போச்சுன்னா போச்சு."

ஜங்ரான் என் கையைப் பிடித்துக்கொண்டு விம்மி அழ ஆரம்பித்தாள். அழுத வேகத்தில் இரண்டாவதாக ஒன்று வெளியேறியது. அதை வார்டு முழுவதும் கேட்டது. ஆறு படுக்கையும் கைதட்டியது. நர்ஸ் கஞ்சிக்குச் சொல்லப் போனாள்.