ஒரே அண்டா

சாரதாம்பாளுக்குக் கோபம் வந்தால் மலாக்காவின் காஜா பெராங் பகுதியில் நாய்கூடக் குரைக்காது என்பார்கள். அன்று நடுப்பகல் அந்தக் கோபத்தோடுதான், கையில் தூக்குச்சட்டியுடன், இந்திய சுதந்திரச் சங்கத்தின் பயிற்சித் திடலுக்குள் நுழைந்தாள். ஜப்பான்காரன் மலாக்காவைப் பிடித்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. ஊரே மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் வளர்த்த காலம். அந்தப் பஞ்சத்திலும் மகனுக்கென்று எங்கிருந்தோ ஒரு பிடி அரிசி தேடிச் சோறாக்கி, புளிக்குழம்பும் வைத்துக் கொண்டுவந்திருந்தாள் மகராசி. அதைக் கொடுத்துவிட்டு, அவனைக் கையோடு வீட்டுக்கு இழுத்துப் போவதென்று முடிவு.

மகன் கருணாகரன், ஒற்றைப் பிள்ளை. தகப்பன் போன பிறகு அவளுக்கு இருந்த ஒரே பிடிமானம். "வெள்ளைக்காரனை இந்தியாவைவிட்டு விரட்டப் போறோம்மா, நான் பட்டாளத்தில சேர்றேன்" என்று அவன் வந்து நின்றபோது அவள் அழவும் இல்லை, தடுக்கவும் இல்லை. சாமர்த்தியக்காரி! சாமி விளக்கின் முன் நிறுத்திச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்: அன்னிய வீட்டு அடுப்பில் வெந்ததை வாயில் வைக்கமாட்டேன் என்று. அவர்கள் சுத்த சைவம். பட்டாளத்துக்குப் போகிறவன் இந்தச் சத்தியத்தை எத்தனை நாள் காப்பாற்றுவான்? பசி தாங்காமல் தானே திரும்பிவிடுவான் என்று கணக்குப் போட்டாள். அவனோ பயிற்சி முடிந்ததும் வீட்டுக்கு ஓடிவந்து சாப்பிட்டான், மறுபடி ஓடினான், ஒரு நாள்கூட முகம் சுளிக்கவில்லை.

இன்றோடு அதற்கும் முடிவு வந்தது. சாப்பாடு ஆனதும் பையன்களைச் சிங்கப்பூர் முகாமுக்கு ஏற்றிப்போக லாரி வந்து நின்றது. அந்தச் சேதி காதில் விழுந்துதான் சாரதாம்பாள் கோபத்தோடு கிளம்பி வந்தாள். திடலின் நடுவில் ஒரே ஓர் அண்டா. அதன் பக்கத்தில், பயிற்சி கொடுத்த ஹவில்தார் கணேசமூர்த்தி நின்று முழங்கிக்கொண்டிருந்தார்.

"வெள்ளைக்காரன் பட்டாளத்தில நான் பத்து வருஷம் இருந்தவன். அங்க இந்துவுக்கு ஒரு அடுப்பு, முஸ்லிமுக்கு ஒரு அடுப்பு. ஒண்ணா உக்காந்து தின்னா ஒண்ணா எந்திரிச்சிருவானுங்கன்னு அவனுக்குப் பயம். நம்ம படையில ஒரே அண்டாதான். இதில சாப்பிட்டவன் லாரியில ஏறலாம். சாப்பிடாதவன் வீட்டுக்குப் போகலாம்!"

சமைத்தது நஜ்முன்னிசா. முச்சந்தியில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த ஜெய்னுலாப்தீனின் மனைவி. கறி இல்லை, மீன் இல்லை. கிழங்கு, பருப்பு, கொஞ்சம் அரிசி, கீரை, அவ்வளவுதான். இந்துப் பிள்ளைகளும் சாப்பிட வேண்டுமே என்று அண்டாவைப் புளியும் சாம்பலும் போட்டு ஒரு காலைப் பொழுது முழுக்கத் தேய்த்திருந்தாள்.

நியாயமாகப் பார்த்தால் பையன்கள் பாய்ந்திருக்க வேண்டும். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். அங்கே பசி வந்து உட்கார்ந்துவிட்டது, பறக்கத்தான் எதுவும் தயாராக இல்லை. ஒருவன்கூட நகரவில்லை!

வெறுப்பினால் என்று நினைத்துவிடாதீர்கள். மரியாதையினால். கேளுங்கள் இந்தக் கூத்தை. நாம் முதலில் கை வைத்தால் இந்துக்கள் அப்புறம் தொடமாட்டார்களே என்று முகம்மதுவும் அவன் கூட்டாளிகளும் ஒதுங்கி நின்றார்கள். முஸ்லிம் பையன்களே தொடவில்லையே, இதில் என்னத்தைப் போட்டிருக்கிறார்களோ என்று இந்துப் பையன்கள் தயங்கினார்கள். புக்கிட் ரம்பாய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் ஜெயபாலனும் அவன் ஆட்களும் வேலியோரமாகவே நின்றார்கள். டவுன்காரர்கள் சாப்பிட்டு முடிக்கும் முன்னால் பாத்திரத்துக்குக் கிட்டே போய் அவர்களுக்குப் பழக்கமே இல்லை.

"நீங்க முதல்ல."

"இல்ல இல்ல, நீங்க சாப்பிடுங்க."

இப்படியே சொல்லிச் சொல்லிச் சோறு ஆறிப்போயிற்று. நஜ்முன்னிசாவின் கண் கலங்கிவிட்டது. "யா அல்லா, என் கைச் சோறு புள்ளைங்களுக்கு ஆகலையா?" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். லாரிக்காரன் ஒருமுறை ஹாரன் அடித்தான்.

சாரதாம்பாள் நேரே மகனிடம் போனாள். "வா, வீட்டுக்கு."

கருணாகரன் அண்டாவைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். "ஹவில்தார் சொன்னதைக் கேட்டியாம்மா?"

"கேட்டேன். நீ எனக்குச் செஞ்ச சத்தியம் ஞாபகம் இருக்கா?"

"இருக்கும்மா."

தொப்பியைக் கழற்றி மடித்து முகம்மதுவின் கையில் கொடுத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு வரிசையைவிட்டு வெளியே வந்தான்.

சாரதாம்பாள் ஜெயித்துவிட்டாள். பிள்ளை இனி குண்டடிபட்டுச் சாகமாட்டான். பர்மாக் காட்டில் நாதியற்றுக் கிடக்கமாட்டான். வீட்டில் இருப்பான், அவள் கண்ணெதிரே இருப்பான். ஆனாலும் அந்தக் குனிந்த தலையைப் பார்த்ததும் அவள் கிளம்பாமல் நின்றுவிட்டாள். அந்த முகத்தை அவள் முன்பே பார்த்திருக்கிறாள்.

அவள் புருஷன் தோட்டத்தில் கிராணி. கணக்கெழுதும் வேலை, கௌரவமான உத்தியோகம். ஆனால் என்ன, வெள்ளைக்காரத் தொரை எதிரே வந்தால் யாராக இருந்தாலும் சைக்கிளைவிட்டு இறங்கி ஓரமாக நிற்க வேண்டும். ஒருநாள் எட்டு வயதுக் கருணாகரனைப் பின்னால் உட்காரவைத்து வந்தவர், தொரையைக் கண்டதும் பதறி இறங்க, பையன் சேற்றில் விழுந்தான். தொரை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஏம்பா இறங்குன?" என்று பிள்ளை கேட்டதற்கு அந்த மனுஷன் பதில் சொல்லாமல் இப்படித்தான் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு சாகிறவரைக்கும் பிள்ளையின் முகத்தை நேராகப் பார்த்துப் பேசியதில்லை.

அன்றைக்கு இறக்கிவிட்டவன் தொரை. இன்றைக்கு நானா? அடி பாவி, பெற்றவளே இதைச் செய்யலாமா என்று தன்னையே வைதுகொண்டாள்.

அடுத்து அவள் செய்ததை நினைத்தால் இப்போதும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. விடுவிடுவென்று அண்டாவிடம் போனாள். தூக்குச்சட்டியைத் திறந்து, சோறு குழம்பு எல்லாவற்றையும் அதற்குள் கவிழ்த்தாள். நஜ்முன்னிசாவின் கையிலிருந்த அகப்பையைப் பிடுங்கி, அடிவரைக்கும் விட்டு ஒரு கிளறு கிளறினாள்.

"இப்ப இது யாரு வீட்டுச் சமையல்? எவனாச்சும் பிரிச்சுச் சொல்லுங்கடா பாப்போம்!"

ஹவில்தார் கணேசமூர்த்தியே, பாவம், அட்டென்ஷனில் நின்றுவிட்டார்.

"கருணா, வாடா இங்க. அந்தச் சத்தியத்தை வாங்குனவ நான். நானே விட்டுத்தர்றேன், சாப்பிடு." ஒரு கவளத்தை உருட்டி அவன் வாயில் வைத்தாள். அவனுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, மென்று விழுங்கினான். அவள் தானும் ஒரு வாய் போட்டுக்கொண்டாள். "உப்பு கொஞ்சம் தூக்கல்தான் நஜ்மா. ஆனா நல்லா இருக்கு."

"அது ஒங்க குழம்பு உப்பு, அக்கா!" என்றாள் நஜ்முன்னிசா, அழுகையும் சிரிப்புமாக.

"முகம்மது, நீ வாடா. அங்க வேலிகிட்ட நிக்கிறவன் யாரு? ஜெயபாலனா? அங்க என்ன பூப்பறிக்கிறியா? வா கிட்ட!"

ஜெயபாலன் கூச்சத்தோடு வந்து இரண்டு கையையும் ஏந்தினான். சாரதாம்பாள் அந்தக் கைகளைத் தட்டிவிட்டு, "வாயைத் திற" என்றாள். இதுநாள்வரை வேறு சாதிக்காரர் நிழல் பட்டால்கூடத் தண்ணீர் தெளித்துவிட்டு வீட்டுக்குள் போனவள், ஐயா! அவள் விரல் அவன் உதட்டில் பட்டது. ஆனாலும் பின்வாங்கவில்லை.

அதற்குப் பிறகு வரிசையாவது, ஒழுங்காவது! எனக்கு, எனக்கு என்று அத்தனை பையன்களும் மொய்த்துவிட்டார்கள். நஜ்முன்னிசா உருட்டிக் கொடுக்கக் கொடுக்க, சாரதாம்பாள் வாய் வாயாக ஊட்டினாள். ஒருவன் முகத்தைக்கூட நிதானமாகப் பார்க்க நேரமில்லை. லாரிக்காரன் மறுபடி ஹாரன் அடித்தான். ஹவில்தார் கட்டளை போட்டார். பையன்கள் வாயைத் துடைத்துக்கொண்டு ஓடி ஓடி ஏறினார்கள்.

கடைசிப் பையனுக்கு ஊட்டிவிட்டு அவள் நிமிர்ந்தபோது லாரி சாலைக்கு வந்துவிட்டது. "கருணா!" என்று எச்சில் கையோடு ஓடினாள். பின்பக்கம் முழுக்கத் தொப்பிகள், புழுதி, ஆட்டுகிற கைகள்.

"அம்மா, போயிட்டு வர்றோம்!"

இந்து, முஸ்லிம், தோட்டம், டவுன் எல்லாம் ஒரே குரலாகக் கத்தின. அத்தனையும் அவளைத்தான் அம்மா என்று கூப்பிட்டன. அதில் எது தன் பிள்ளையின் குரல் என்று சாரதாம்பாளுக்குத் தெரியவில்லை.

"போயிட்டு வாங்கடா," என்றாள் எல்லோருக்கும்.