கிளட்ச்சா, பொத்தானா?

இனி மூன்று சக்கர மோட்டார் சைக்கிள்தான் என்று முடிவானபோதே லூசெத்துக்குப் பாதி உயிர் போய்விட்டது. மீதி உயிரை அவள் கிளட்ச்சில் வைத்திருந்தாள்.

அவள் புருஷன் கயெத்தானுக்கு இது தெரியாதா என்ன? கல்யாணமான கோடையிலிருந்து அவள் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறாள், அவன் பின்னால் உட்கார்ந்து வருகிறான். ஓர்ஃபோர் மலைப் பக்கத்தில் இதைக் கிண்டல் செய்யாத ஆம்பளை கிடையாது. ரொட்டிக்கடை வைத்திருந்த கயெத்தான் மாவு பிசைவதோடு சரி, ஹேண்டில்பாரைத் தொட்டதில்லை. "வெக்கமா இல்லையாய்யா?" என்று கேட்பவர்களுக்கு அவனிடம் ஒரே பதில்தான். "முன்னாடி உட்கார்ந்தா ரோடு மட்டும்தான் தெரியும். பின்னாடி உட்கார்ந்தாத்தான் லூசெத் ஓட்டுறது தெரியும்."

அவள் ஓட்டுவதும் பார்க்கத் தகுந்த விஷயம்தான். பள்ளிக்கூட பஸ்ஸைப் பனிக்காலம் முழுக்க மலை ஏற்றி இறக்கிய கை அது. என்ஜின் முனகுவதற்கு முன்பே கியர் மாறிவிடும். பின்னால் இருப்பவனுக்கு ஒரு குலுக்கல்கூடத் தெரியாது.

அந்தக் கைதான் போன குளிர்காலத்தில் காலை வாரியது. இடதுகை விரல் மூட்டுகள் வீங்கிக்கொண்டன. மேப்பிள் பாகு டப்பாவைத் திறக்க முடியாமல், கயெத்தான் பார்க்காத நேரமாகப் பார்த்து அதைக் கதவிடுக்கில் வைத்துத் திருகினாள். முட்டியிலும் வலி வந்ததால், சிக்னலில் நிற்கும்போது கனமான இரண்டு சக்கர வண்டியைக் காலூன்றித் தாங்க முடியவில்லை. அதை விற்றாயிற்று. இனி முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. நின்றாலும் சாயாத வண்டி.

அதிலும் இரண்டு வகை. ஒன்றில் வழக்கம்போல இடதுகைக் கிளட்ச், இடதுகால் கியர். இன்னொன்றில் கிளட்ச்சே இல்லை. இடதுகைக் கட்டைவிரலால் ஒரு பொத்தானைத் தள்ளினால் கியர் ஏறும், ஆள்காட்டி விரலால் இழுத்தால் இறங்கும். மறந்து தொலைத்தால், வேகம் குறையும்போது வண்டியே இறக்கிக்கொள்ளும்.

மோட்டார் சைக்கிள் சங்கத்தில் இந்தப் பேச்சு வந்ததும், கூட ஓட்டும் ரொசேர் சும்மா இருப்பானா? வருஷா வருஷம் மே மாதம் மாதா கோயில் வாசலில் எல்லா வண்டிகளையும் வரிசையாக நிறுத்தி, பாதிரியார் தீர்த்தம் தெளிப்பார். அந்த வரிசைக்குத் தலைமை தாங்கி வருபவள் லூசெத். "பொத்தான் அமுக்கணும்னா லிஃப்ட்ல ஏறி இறங்கும்மா. கோயிலுக்கு எதுக்கு வர்றே?" என்றான் ரொசேர். எல்லாரும் சிரித்தார்கள். லூசெத்தும் சிரித்தாள். வீட்டுக்கு வந்ததும் தலைக்கவசத்தைச் சோபாவில் எறிந்தாள்.

"கிளட்ச் இல்லேன்னா எனக்கு வண்டியே வேண்டாம், சொல்லிட்டேன்."

கயெத்தான் இரண்டையும் கணக்குப் போட்டுப் பார்த்தான். கிளட்ச் வண்டி வாங்கினால் அந்தக் கை எந்த இறக்கத்தில் கைவிடுமோ தெரியாது. வாங்காவிட்டால் வண்டியே இல்லாத லூசெத். அப்படி ஒருத்தியை அவனால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. பெரிய மூளைக்காரன் மாதிரி வண்டிக் கடைக்கு ரகசியமாகப் போன் போட்டான். "கிளட்ச் வண்டி வித்துப்போச்சுன்னு சொல்லிடும்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்."

இருவரும் வண்டி பார்க்கப் போனார்கள். கடையில் விற்பனைக்கு இருந்த கரீனுக்குப் பொய் வராது. "அது... வித்துப்போச்சுன்னு..." என்று அவள் இழுக்கும்போதே, மூலையில் துணி போர்த்தி நின்றதை லூசெத் போய்த் திறந்துவிட்டாள். கிளட்ச் வண்டி பளபளவென்று நின்றது. லூசெத் கோயில் பீடத்தில் உள்ள சாமான் ஒன்றுவிடாமல் இழுத்துத் திட்டினாள். இந்த ஊரில் கோபம் வந்தால் அப்படித்தான் திட்டுவார்கள்.

"போன் பண்ணினியா, கிழவா?"

"எப்படிக் கண்டுபிடிச்சே?"

"உன் காதைப் பாரு, தக்காளி மாதிரி இருக்கு. ஏறு பின்னாடி. முதல்ல இதைத்தான் ஓட்டப் போறேன்."

கிளம்பியதுமே ஒரு கூத்து. இரண்டு சக்கரத்தில் வலப்பக்கம் போக வேண்டுமென்றால் ஹேண்டில்பாரின் வலதுபக்கத்தை மெல்ல முன்னால் தள்ள வேண்டும். இத்தனை வருஷப் பழக்கம், தள்ளிவிட்டாள். மூன்று சக்கரத்துக்கு அந்தச் சூட்சுமமெல்லாம் தெரியாது. திருப்பின பக்கம்தான் அது போகும். வண்டி இடப்பக்கம் பாய்ந்து, சீசன் முடிந்து ஓரங்கட்டியிருந்த பனி ஸ்கூட்டர்களை நோக்கிப் போனது. வலதுகை பிரேக் பிடியைத் தேடியது. அங்கே பிடியே இல்லை. கடைசி நிமிஷத்தில் கால் பிரேக்கைக் கண்டுபிடித்தது.

"ரெண்டு சக்கரத்துலேர்ந்து வர்ற எல்லாரும் இப்படித்தான்," என்று கரீன் ஓடிவந்தாள். "ஆனா யாரும் இடிச்சதில்ல."

"நான் இடிச்சுப் பேர் வாங்கியிருப்பேன்," என்றாள் லூசெத்.

ரோட்டுக்கு வந்த பிறகு அவள் பழைய லூசெத். பனி உருகிப் பெயர்ந்த பள்ளங்களுக்கு நடுவே, மூன்று சக்கரத்தையும் எங்கே வைப்பது என்று வளைவுக்கு முன்பே கணக்குப் போட்டுக்கொண்டு போனாள். ஏற்றத்தில் கியர் இறங்கிய விதம் இருக்கிறதே, அடடா! என்ஜின் ஒரு முறைகூடச் சலித்துக்கொள்ளவில்லை. ஆனால் கயெத்தான் அவள் தோளுக்கு மேலாக அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். விரல்கள் மடங்கவில்லை. தோளிலிருந்து முழுக்கையையும் இழுத்துக் கிளட்ச்சைப் பிடித்தாள். ஒவ்வொரு முறையும் அவள் உதட்டைக் கடிப்பது பக்கக் கண்ணாடியில் தெரிந்தது. அப்படி வலித்தும் வண்டி குலுங்கவில்லை! அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒருத்திக்குப் பின்னால் உட்காரத் தனக்குக் கொடுத்து வைத்திருந்ததே என்று நினைத்தான்.

இறங்கியதும் அவனே சொன்னான். "இதையே எடு, லூசெத். நான் போன் பண்ணினது தப்பு. உன்ன மாதிரி ஓட்ட யாரால முடியும்?" மனதாரத்தான் சொன்னான்.

"அதையும் ஒரு சுத்து ஓட்டிடுவோம். அப்பத்தான் ரொசேர்கிட்ட அதை வாய் நிறையத் திட்டலாம்," என்றாள்.

பொத்தான் வண்டியின் முதல் நிறுத்தத்தில் அவள் இடதுகை கிளட்ச்சைப் பிடிக்கப் போய்க் காற்றைப் பிடித்தது. அடுத்த சந்திப்பில் கியர் இறக்க மறந்தாள். வண்டியே இறக்கியது. "என்னைக் கேக்காம இறக்க நீ யாரு?" என்று வண்டியோடு சண்டை போட்டாள். மலைச்சாலை வந்ததும் அவள் சத்தத்தைக் காணோம். கட்டைவிரல் ஒரு தட்டு தட்டியது. அவள் நினைத்த அதே இடத்தில் கியர் ஏறியது. வளைவுக்கு முன்னால் ஆள்காட்டி விரல் லேசாக இழுத்தது, என்ஜின் குரல் உயர்ந்தது, வெளியே வரும்போது மறுபடியும் தட்டு. அவள் ஓட்டும் தாளம் அப்படியே இருந்தது. கயெத்தான் சாய்ந்து உட்கார்ந்தான். பூர்ச்ச மரங்கள் துளிர்விட்டிருந்தன. கீழே ஏரி முழுசாக நீலமாகிவிட்டிருந்தது.

"லூசெத்! உருளைக்கிழங்கு வறுவல்காரன் கடை திறந்துட்டான்!" என்று அவன் பின்னாலிருந்து கத்தினான்.

அவள் நிறுத்தினாள். பாலாடைக்கட்டியும் சூடான குழம்பும் ஊற்றிய வறுவல் ஒரு தட்டு வாங்கி, வெளியே மரப்பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"பொத்தான் வண்டியையே எடுத்துக்கிறேன்," என்றாள்.

"எனக்காகவெல்லாம் வேண்டாம். கை உன்னோடது. நீ கிளட்ச்சே..."

"உன் முட்டி சொல்லிடுச்சுடா."

"என் முட்டியா?"

"கிளட்ச் வண்டியில நான் கியர் மாத்துறப்பல்லாம் ரெண்டு பக்கமும் என் இடுப்பை நெருக்கினே. ஒரு கியருக்குக்கூட விடல. இத்தனை வருஷத்துல நீ என் பின்னாடி பயந்ததே இல்ல, கயெத்தான். மழையில வழுக்கி வேலியில விழுந்தமே, அன்னிக்குக்கூட உன் கால் சும்மாதான் இருந்துச்சு."

"நான் எங்க பயந்தேன்?"

"பொய் சொல்லாத. முதல் வண்டியில போனப்பவும் திறந்திருந்த இதே கடையைத் தாண்டித்தான் போனோம். உன் கண்ணுல படல. இந்த வண்டியில வந்தப்ப முட்டி இருக்கிற இடமே தெரியல. வறுவலுக்குக் கத்துற."

கயெத்தான் குனிந்து தன் முட்டிகளைப் பார்த்தான். காட்டிக்கொடுத்துவிட்டனவே என்று வெட்கமாக இருந்தது. ஒரு வறுவலை எடுத்துக் குழம்பில் புரட்டினான்.

"கோயில் வாசல்ல ரொசேர் வாயை மூட மாட்டானே. லிஃப்ட், லிஃப்டுன்னு உயிரை எடுப்பான்."

"எடுக்கட்டும்," என்றாள் லூசெத். முள்கரண்டியை வலிக்கிற இடதுகையிலிருந்து வலதுகைக்கு மாற்றிக்கொண்டாள். "அவன் பின்னாடி யாரு உட்கார்றா?"