நாற்பத்தொரு தகப்பன்மார்

பின்லாந்திலிருந்து எங்களுக்கு வேலை அனுப்புகிற அம்மாளின் மின்னஞ்சலை லிங்கேஷ் இரண்டு தடவை சத்தமாக வாசித்துவிட்டு, "நல்லதாத்தானக்கா எழுதிருக்காவ?" என்று என்னைப் பார்த்தான். பி.இ. படித்தவன், முதலாளி வேறு. ஒரு சின்ன ஊரின் சர்ச் ஏட்டில் மூன்று வருஷத்தில் பிறந்த பிள்ளைகள் அத்தனை பேருக்கும் தகப்பன் பெயர் இருக்கிறது, அதுவும் ஊரே பசியில் செத்துக்கொண்டிருந்த பஞ்ச காலத்தில், இது எங்களுக்கு மிகவும் வியப்பாக இருக்கிறது என்று அந்த அம்மாள் எழுதியிருந்தாள். வெள்ளைக்காரி வியப்பாக இருக்கிறது என்று எழுதினால் முகத்தில் காறித் துப்பிவிட்டாள் என்று அர்த்தம். அது இவனுக்கு எங்கே விளங்கும். "ஒழுக்கமான ஊரு போலக்கா" என்றான். தலையில் அடித்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை எனக்கு.

சங்கரன்கோவிலில் உட்கார்ந்துகொண்டு பின்லாந்துக்காரர்களின் தாத்தா பூட்டன்களைத் தட்டச்சு செய்கிறோம் என்று சொன்னால் எங்கள் தெருவில் இன்னும் நம்பமாட்டார்கள். விசைத்தறிக் கூடத்துக்கு மேல்மாடி, பதினான்கு கணினி, கீழே நாள் முழுக்கத் தறிச் சத்தம். அந்த நாட்டில் பணமும் நேரமும் மிச்சமிருக்கிறவர்கள் தங்கள் வம்சத்தைத் தேடுகிறார்களாம். தேடிக் கிடைப்பது என்ன? பண்ணையாள், பண்ணையாளின் மகன், அவனுக்கு ஒரு வேலைக்காரி. எங்கள் ஊரில் இதையெல்லாம் மறைப்பதற்குத்தான் ஆட்கள் பாடுபடுகிறார்கள், அவர்கள் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறார்கள்.

நான் எம்.ஏ., எம்.ஃபில்., தமிழ். அரசுப் பள்ளி வேலைக்குப் பத்து வருஷம் பரீட்சை எழுதி ஓய்ந்தபின் இங்கே வந்தேன். வந்த புதிதில் எஞ்சினியர்கள் எல்லாரும் ஹெய்க்கி ஒரு ஆள், ஹெய்கின் வேறு ஆள் என்று ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு குடும்பத்துக்குள் இல்லாத மனிதர்கள் ஏழெட்டுப் பேர். நான் ஒரு வாரம் பார்த்தேன். வேற்றுமை உருபு, அவ்வளவுதான். ஹெய்கின் என்றால் ஹெய்க்கியின். ஆறு என்ற சொல் ஆற்றில் என்று திரிவதைப்போல அங்கேயும் உருபு சேரும்போது நடு எழுத்து மாறும். வீட்டில், வீட்டிலிருந்து, வீட்டுக்கு என்று நாம் சொல்வதை அவர்களும் ஒட்டி ஒட்டித்தான் சொல்கிறார்கள். எட்டாம் வகுப்பு இலக்கணம். இதைக் கரும்பலகையில் எழுதிக்காட்டியபோது லிங்கேஷ் வாயைப் பிளந்துகொண்டு, "அக்கா, ஒங்களுக்கு ஃபின்னிஷ் தெரியுமா?" என்று கேட்டான். ஒனக்குத் தமிழ் தெரியாதுடா என்று சொல்லவில்லை. அன்றைக்கே என்னைச் சரிபார்க்கும் மேசைக்கு மாற்றினான்.

அந்த மின்னஞ்சலின்படி சனிக்கிழமைக்குள் ஏட்டைத் திருத்தி அனுப்ப வேண்டும், இல்லையென்றால் வேலை வேறு ஊருக்குப் போய்விடும். அதோடு, தவறு செய்தவர் பெயர் போட்டு அறிக்கையும் வேண்டும் என்று லிங்கேஷ் ஒரு படிவத்தை அச்செடுத்துக் கொடுத்தான். பெயர் வந்த அன்றைக்கே அந்த ஆள் படியிறங்க வேண்டியதுதான் என்றான். தப்பு எது என்றே இவனுக்கு நான்தான் விளக்க வேண்டியிருந்தது, ஆனால் தண்டனையை மட்டும் தயாராக வைத்திருந்தான்.

எங்கள் வேலைமுறைப்படி ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியே ஏற்ற வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால்தான் என் மேசைக்கு வரும். இந்த ஏடு வரவே இல்லை என்றால் இரண்டு பேரும் பேசிவைத்து ஏற்றியிருக்கிறார்கள். தேடினேன். ஒருத்தி மேலநீலிதநல்லூரிலிருந்து வரும் மாலா. அவளுக்குச் சுயமாகத் தப்புப் பண்ணுகிற துப்புக்கூடக் கிடையாது, பக்கத்து நாற்காலியைப் பார்த்துத்தான் எதையும் செய்வாள். பக்கத்து நாற்காலி இசக்கிராஜா அண்ணாச்சி.

அண்ணாச்சி தாலுகா ஆபீஸ் வாசலில் முப்பது வருஷம் மனு எழுதியவர். எல்லாம் கணினிக்குப் போனபின் அந்த வேப்பமர நிழலில் அவரைத் தேடி யாரும் வரவில்லை. எந்தக் கோழிக் கிறுக்கலையும் வாசித்துவிடுவார் என்பதால் லிங்கேஷ் எடுத்துக்கொண்டான். கிராம அதிகாரிகளின் கையெழுத்தையே வாசித்தவருக்குப் பின்லாந்துப் பாதிரியார்கள் எம்மாத்திரம்? அறுபதை நெருங்கும் மனிதரை இங்கிருந்து அனுப்பினால் ஊரில் ஒருத்தனும் வேலைக்குச் சேர்த்துக்கொள்ளமாட்டான். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

சனிக்கிழமை அரை நாள். எல்லாரும் போனபின் அவரை இருக்கச் சொன்னேன். மூல ஏட்டின் படத்தையும் அவர் ஏற்றியதையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கல்யாணமாகாதவர்கள் பெற்ற பிள்ளைகளை மட்டும் பிரித்து வைத்திருந்தேன், நாற்பத்தொரு பேர். ஏட்டில் தாய் பெயர் மட்டும்தான் இருந்தது.

"இதுகளுக்கெல்லாம் அப்பன் பேரு ஏட்டுல எங்கன இருக்கு அண்ணாச்சி?"

"ஏட்டுல இல்ல தாயி. காலியா கெடந்துச்சு, நாந்தான் எழுதுனேன்" என்றார், என்னவோ தண்ணீர்ப் பானையை நிரப்பிவைத்த மாதிரி.

ஞானஸ்நானத்துக்குச் சாட்சி நின்றவர்களின் பெயர்கள் கடைசிக் கட்டத்தில் இருக்குமாம். அதில் முதல் ஆம்பளையை எடுத்துத் தகப்பன் கட்டத்தில் போட்டிருக்கிறார். முதலில் நிற்கிறவன் தாய்மாமனாகத்தான் இருப்பான் என்பது அவர் கணக்கு. தாலுகா ஆபீசில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் மனுவைத் திருப்பி எறிவார்கள். கைப்பிள்ளையோடு ஒருத்தி எத்தனை தடவை வெயிலில் வந்து நிற்பாள்? அதனால் அங்கேயும் இப்படித்தான் தாய்மாமன் பெயரை எழுதிவிடுவாராம். முப்பது வருஷமும் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லையாம். பெருமை வேறு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்து நூற்றைம்பது வருஷம் ஆன பிள்ளைக்கு எந்த ஆபீசில் மனுவைத் திருப்பப் போகிறார்கள் என்று கேட்டேன். ஒருத்தனின் மாமனை அப்பனாக்கி வைத்திருக்கிறீர், நாளைக்கு அதைப் பார்த்து ஒருத்தி வம்சப் படம் வரைந்து மாட்டுவாள், அத்தனையும் பொய் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். மனு எழுதுகிற புத்தி என்றுகூடச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கடைசியில் மெதுவாகத்தான் சொன்னார்.

"ஒம் மவளுக்கும் நாந்தான தாயி எழுதுனேன்."

ப்ரியதர்ஷினிக்குச் சாதிச் சான்றிதழ் வாங்கப் போனது எட்டு வருஷத்துக்கு முன்னால். சௌந்தரபாண்டியன் என்னை விட்டுவிட்டுத் திருப்பூரில் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்த ஆரம்பித்திருந்த சமயம். இவரிடம்தான் ரேஷன் கார்டைக் கொடுத்து மனு எழுதச் சொன்னேன். தகப்பன் கட்டத்தைக் காலியாக விடச் சொல்லிவிட்டுப் பிள்ளைக்குத் தண்ணீர் வாங்கப் போனேன். சான்றிதழ் அந்த நாயின் பெயரோடு வந்தது. ரேஷன் கார்டைப் பார்த்து ஆபீசில்தான் போட்டிருப்பார்கள் என்று எட்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஒரே தடவையில வந்துச்சா இல்லையா?" என்றார் அண்ணாச்சி.

அந்த நிமிஷம் அவரை ஓங்கி அறைந்திருப்பேன். ஒவ்வொரு வருஷமும் பள்ளிக்கூடம் திறந்ததும் என் மகள் அந்தப் பெயரை எழுதுகிறாள். ஒரு பென்சில்கூட வாங்கித் தராதவனின் பெயரை. அவளுடைய இனிஷியலே அவன்தான். நான் வேண்டாம் என்று சொன்னதை ஒரு மனுஷர் கேட்டுக்கொண்டே பேனாவைத் திறந்திருக்கிறார்.

திரையைப் பார்த்தேன். இவள்களிடமும் பாதிரியார் கேட்டிருப்பார். தகப்பன் யார், சொல் என்று சபை முன்னால் நிறுத்திக்கூடக் கேட்டிருப்பார். கஞ்சிக்கு வழியில்லாத காலத்தில் வயிற்றுப்பிள்ளையோடு நின்றவள்களில் ஒருத்தியாவது சொல்லமாட்டேன் என்று வாயை இறுக்கிக்கொண்டு நின்றிருக்க மாட்டாளா? அத்தனை பிடிவாதமும் பாதிரியாரின் கையிலிருந்து தப்பி, கடைசியில் சங்கரன்கோவிலில் ஒரு மனு எழுத்தர் கையில் வந்து மாட்டியிருக்கிறது.

"உக்காருங்க. ஒவ்வொண்ணா அழிங்க. அழிக்கும்போது அம்மை பேர வாசிச்சுட்டு அழிங்க" என்றேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். நான் சொல்லிக்கொடுத்த இலக்கணத்தைக் வைத்துக் கவனமாகத் தமிழ்ப்படுத்தி வாசித்தார். மரியா, ஹெய்க்கியின் மகள், வேலைக்காரி. அழித்தார். லீசா, மத்தியின் மகள், வேலைக்காரி. அழித்தார். அன்னா, அந்தியின் மகள். தறிச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டார். இருபதைத் தாண்டியதும் நிறுத்தி, "அம்மைகளுக்கெல்லாம் அப்பன் பேரு இருக்கே தாயி" என்றார்.

"இருந்து என்னத்தக் கண்டாளுவ. வாசிங்க."

நாற்பத்தொன்றும் முடிய இரண்டு மணி நேரம் ஆனது. திரையில் தகப்பன் பெயர்ப் பத்தி முழுக்க வெள்ளையாகக் கிடந்தது. எனக்கு அதைப் பார்க்க நிறைவாகத்தான் இருந்தது, ஒளிப்பானேன்.

பிறகு லிங்கேஷின் படிவத்தை எடுத்தேன். தவறு என்ன, எத்தனை பதிவு, எப்போது திருத்தியது, எல்லாம் எழுதினேன். தவறு செய்தவர் பெயர் என்ற இடத்தில் பேனா ஓடவில்லை. அண்ணாச்சி மேல் இரக்கம் என்று யாரும் நினைக்க வேண்டாம், அவர் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. இலக்கணமும் தெரியாத, பஞ்சமும் தெரியாத அந்தப் பயல் கையில் ஒரு மனுஷரைப் பிடித்துக் கொடுக்க எனக்குக் கூசியது. காலியாகவே விட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

அவர் எழுந்து வந்து படிவத்தை எட்டிப் பார்த்தார். காலிக் கட்டத்தைக் கண்டதும் முகம் மாறிவிட்டது. "காலியா விடாத தாயி, திருப்பி அனுப்பிருவான். ஒஞ் சோலிக்கும் கேடு வரும்" என்றார். நான் வேண்டாம் என்று சொன்னேன். வழக்கம்போல அதைக் கேட்டுக்கொண்டே சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, உதறி, படிவத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இசக்கிராஜா என்று எழுதினார். அச்சடித்த மாதிரி எழுத்து. முப்பது வருஷப் பழக்கம், கை நிற்காமல் பக்கத்திலேயே த/பெ என்று போட்டு இரண்டு புள்ளியும் வைத்தது. அங்கே நின்றது.

அவருடைய தகப்பனார் யார் என்று நான் கேட்டதே இல்லை. ஊரில் யாரும் சொல்லியும் கேட்டதில்லை. மாமா வீட்டில் வளர்ந்தவர் என்று மட்டும் தெரியும்.

அண்ணாச்சி தலையைத் தூக்கித் திரையில் இருந்த வெள்ளைப் பத்தியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இதயும் காலியா விட்டுரட்டா தாயி?"

அவர் பேனாவை எடுக்கவும் இல்லை, எழுதவும் இல்லை. முனை பட்ட இடத்தில் மசி ஊறி, அந்த இரண்டு புள்ளிக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு புள்ளி பெரிதாகிக்கொண்டிருந்தது.