கத்தாரிலிருந்து பார்க்கிற கலர்

என் புருஷன் கிருஷ்ணராஜுக்குக் கத்தாரில் வேலை. எனக்குக் கண்டிக்குப் பக்கத்து அம்பிட்டியவில், அவர் அனுப்பிய ஐம்பத்தைந்து அங்குல டீவியோடு வேலை. நேற்று அவருடைய கூட்டாளி சதீஸ் ஒரு தடித்த கேபிளும் கொண்டுவந்து கொடுத்தார். டிவிடி பிளேயரிலிருந்து டீவிக்கு அதைச் சொருகினால் படம் பளிச்சென்று வருமாம். வந்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் என் புருஷன் ஒத்துக்கொள்ள வேண்டுமே!

வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. பகல் பன்னிரண்டரைக்கே வீடியோ கோலில் வந்துவிட்டார்.

"போனை டீவி பக்கம் திருப்பு தர்ஷிகா. நம்ம கல்யாண சிடியப் போடு. உன் முகத்துல நிறுத்து."

நிறுத்தினேன். இரண்டு மணி பஸ்ஸில் ஏறினால்தான் இரண்டரைக்குக் கண்டி டவுனில் இருக்கலாம். பாலர் பாடசாலையில் டீச்சர் வேலைக்கு இன்டர்வியூ. அவரிடம் சொல்லவில்லை. போன தடவை வேறொரு வேலைக்குக் கூப்பிட்டபோது சொன்னேன். "உனக்கு என்ன குறை? வீட்ல ராணி மாதிரி இரு" என்றார். ராணியாம்! கடைக்குப் போனாலும் வீடியோவில் கடையைக் காட்ட வேண்டிய ராணி.

சேலை கட்டி, ஃபைலையும் கதவோரம் வைத்திருந்தேன். போன் டீவியைப் பார்த்தபடி இருந்ததால் அவருக்கு நான் தெரியவில்லை.

"முகம் நீலமா இருக்கே. மஞ்சளைக் கூட்டு."

கூட்டினேன்.

"பத்தாது. இன்னும்."

மணவறையில் இருந்த எனக்கு மஞ்சட்காமாலையே வந்துவிட்டது. அப்போதுதான் உறைத்தது. மனுஷன் டீவியையா திருத்துகிறார்? என் பழைய போன் கேமரா காட்டுகிற கோளாறையல்லவா திருத்துகிறார்!

"என்னங்க, நேர்ல நல்லாத்தான் இருந்துச்சு. போன்தான் நீலமாக் காட்டுது."

"என் பொண்டாட்டி கலர் எனக்குத் தெரியாதா? சொன்னதைச் செய்."

ஒன்றே முக்கால். போனைச் சீனி டின்னில் சாய்த்துவிட்டு மெதுவாகக் கதவுவரை போனேன். "பிரைட்னஸை ரெண்டு குறை" என்றார். திரும்பி வந்து குறைத்தேன். மறுபடி போனேன். "தர்ஷிகா, எங்க இருக்க?" "இங்கதாங்க." மறுபடி வந்தேன். கூப்பிட்டதும் ஓடி வருகிற என்மேலேயே எனக்கு ஆத்திரம். ரோட்டில் இரண்டு மணி பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.

"ஆ! இப்பதான் சரி. இனி ஒன்னையும் தொடாத."

டீவியைப் பார்த்தேன். என்னையே எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. அவர் டிசம்பரில் வருவார். அதுவரை இந்த மூஞ்சியோடு யார் இருப்பது? ரிமோட்டை எடுத்து எல்லாவற்றையும் பழையபடி மாற்றினேன்.

"ஏய்! கெடுத்துட்டியே!"

போனை என் பக்கம் திருப்பினேன். சேலை கட்டியிருந்த என்னை அவர் அப்போதுதான் கண்டார்.

"இந்த வீட்ல டீவி பார்க்கிறது நான்தாங்க. நீங்க பார்க்கிறது போனை. நான் வேலைக்கு இன்டர்வியூ போறேன்."

"யாரைக் கேட்டு?"

"யாரையும் கேக்கல."

கோலை வெட்டவில்லை. வெட்டினால் திரும்ப எடுப்பார், நானும் பேசி உட்கார்ந்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். போனை டீவிக்கு முன்னால் நிமிர்த்தி வைத்தேன். ஃபைலை எடுத்துக் கதவைப் பூட்டிக்கொண்டு, ஓட்டோவுக்குக் கை காட்டியபடி ரோட்டுக்கு ஓடினேன். உள்ளே அவர் இன்னும் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.