சாம்பல் படாத மூலை

மிளகாய்ச் செடிகளின் கொழுந்து நாளுக்கு நாள் வெளிறிக்கொண்டே வந்தது. நரம்பு மட்டும் பச்சை, மற்றதெல்லாம் மஞ்சள். அடியிலைகளுக்கு ஒரு குறையும் இல்லை. காலையிலிருந்தே சலூஹா செடி செடியாக இலையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வரப்போரம் கறுப்புப் பைகளில் ஒலிவக் கன்றுகள் வரிசை கட்டி நின்றன. இறக்கி வைத்தவர் முக்தார், அவளுடைய இறந்துபோன கணவனின் அண்ணன். நிலம் அவருடையது. "இந்தத் தடவையும் வெளங்கலன்னா ஒலிவம்தான். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதே" என்றிருந்தார். இன்று சந்தை முடிந்ததும் வந்து பார்ப்பாராம். வயலைப் பார்க்குமுன்பே கன்றை இறக்கி வைத்தவர் முடிவெடுத்துவிட்டார் என்றுதானே அர்த்தம்! இந்த மிளகாயும் போனால் அவளுக்கென்று கையகல மண் கிடையாது.

கவனிப்பில் அவள் குறை வைக்கவே இல்லை. மண் அடுப்பில் தபூனா ரொட்டி சுட்டுப் பாதித் தெருவுக்கு விற்கிறவள், சாம்பலுக்குப் பஞ்சமில்லை. முக்தார்கூட வாராவாரம் ஒரு சாக்கு வாங்கிப் போவார். வாடிய செடிக்கு அடுப்புச் சாம்பல் என்பது அந்தக் கடலோரத்தில் பிள்ளைக்குப் பால் மாதிரி. யாரும் கேள்வி கேட்பதில்லை. மஞ்சள் ஏற ஏற அவளும் கூடையைப் பெரிதாக்கினாள். "கண்ணு பட்டிருக்குடி, மீன் வாலைக் கட்டு" என்றாள் பக்கத்து வீட்டு மன்னூபியா. கட்டினாள். பூனை தின்றுவிட்டுப் போனது.

யார் கண்ணிலும் படாமல் அழுது தீர்க்கலாமென்று சப்பாத்திக்கள்ளி வேலிப் பக்கம் போனாள். அழ வாய்க்கவில்லை. அந்த மூலையில் நாலைந்து செடிகள் கரும்பச்சையாக, பூவும் பிஞ்சுமாக நின்றன. அதே விதை, அதே தண்ணீர். பிறகு ஏன்?

சட்டென்று உறைத்தது. அங்கே கடல் காற்று சாம்பலைத் திருப்பிக் கண்ணில் அடிக்கும். அதனால் அந்த மூலைக்கு அவள் ஒரு பிடிகூடப் போட்டதில்லை.

அந்த மூலையில் ஓர் இலையும் மஞ்சள் செடியில் ஓர் இலையும் பறித்துக்கொண்டு உரக்கடைக்கு ஓடினாள். அவள் சொன்னதைக் கேட்டு, இலைகளையும் பார்த்த கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். "நம்ம சுண்ணாம்பு மண்ணுக்குப் போய் இவ்வளவு சாம்பலா? மண்ணுல இரும்பு இருக்கும்மா, வேரால எடுக்க முடியல. சாம்பல் போடப் போட இன்னும் பூட்டிக்கும்." சிவப்புத் தூள் பொட்டலம் ஒன்றை நீட்டினார். "இது வேர் எடுத்துக்கிற மாதிரி இரும்பு. தண்ணில கரைச்சு வேருக்கு ஊத்து."

"சாயங்காலத்துக்குள்ள பச்சையாயிடுமா?"

"மந்திரமா பண்றோம்? புதுக் கொழுந்து வரணும். ஒரு வாரமாவது பொறு."

ஒரு வாரம் யார் கொடுப்பார்கள் அவளுக்கு?

பாதி வயலுக்கு ஊற்றி முடிக்குமுன் முக்தாரின் வண்டிச் சத்தம் கேட்டது. விதை சரியில்லை என்று சொல்லிவிடலாம். கண் பட்டது என்றால் ஊரே நம்பும். என் கையாலேயே கெடுத்தேன் என்றால், உனக்கு விவசாயம் தெரியாது என்று முடித்துவிடுவார். அந்த நேரம் பார்த்து மன்னூபியா, இன்னும் இரண்டு பெண்களோடு, தலையில் வாளி வாளியாகச் சாம்பலுடன் வந்தாள்.

"உனக்குன்னே சேர்த்து வச்சதுடி!"

"கொட்டாதீங்க அக்கா!" சலூஹா போட்ட கூச்சலில் எல்லோரும் நின்றுவிட்டார்கள். "என் சாம்பல்தான் செடியைக் கெடுத்திருக்கு."

"ஊரே போடுற சாம்பல் உனக்கு மட்டும் விஷமா?" என்றாள் மன்னூபியா.

சலூஹா அவர்களையும், வண்டியை விட்டு இறங்கி வந்த முக்தாரையும் வேலி மூலைக்கு அழைத்துப் போனாள். "இங்க நான் ஒரு பிடி சாம்பல்கூடப் போட்டதில்ல" என்று காட்டினாள். முக்தார் குந்தி உட்கார்ந்து அந்த இலையையும் இந்த இலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அப்ப நீதான் கெடுத்தேங்கிற."

"ஆமாண்ணே. நான்தான்."

அவர் எழுந்திருக்கவில்லை. குரல் தாழ்ந்திருந்தது. "உங்கிட்ட வாங்கிட்டுப் போறதையெல்லாம் என் எலுமிச்சைக்குத்தான் கொட்டறேன். அதுவும் இப்படியே மஞ்சளா நிக்குது."

மன்னூபியா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அந்தச் சிவப்புத் தூள் மிச்சம் இருக்கா?"

"இருக்குண்ணே" என்றாள் சலூஹா. ஒலிவக் கன்றுகளைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. புதுக் கொழுந்து பச்சையாக வரும்வரை இரண்டு பேருக்குமே தூக்கம் கிடையாது.