யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை

பத்திரிகை அலுவலகத்தில் அவளை எல்லோரும் தபால் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினான்கு வருஷமாக வாசகர் கடிதப் பக்கம் அவள் கையில். வருவதையெல்லாம் படித்து, எழுதியவருக்கு ஃபோன் போட்டு அவர்தான் எழுதினாரா என்று கேட்டு, வளவளப்பை வெட்டி, நாளைக்குப் பன்னிரண்டு கடிதங்களைப் பக்கத்தில் ஏற்ற வேண்டும். அவளுக்கு அது தண்ணீர் பட்ட பாடு.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் பத்திரிகை கைமாறியது. வாங்கிய நிறுவனம் கைவைக்காத தொழில் இல்லை. நகரத்தின் கிழக்குப் பகுதிக்குக் குழாயில் குடிதண்ணீர் விடுவதும் அவர்கள்தான். புது முதலாளி ஒரே ஒரு நாள் வந்தார். எல்லோரையும் கூடத்தில் நிற்கவைத்து, "உங்க வேலை உங்களுக்குத் தெரியும். நான் தலையிட மாட்டேன்" என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அதன் பிறகு இந்தப் பக்கம் அவர் தலைவைத்தும் படுக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தபால் அக்காவைப் பார்க்க ஒரு தையல்காரம்மா வந்தாள். அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுக்க மறந்து அப்படியே கிளம்பி வந்திருந்தாள். பையிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"பதினோரு லெட்டர் போட்டிருக்கேங்க. இதெல்லாம் நகல். ஒண்ணுகூட வரல. சண்டைக்கு வரல நான். எதுல தப்புன்னு சொன்னீங்கன்னா அடுத்ததைச் சரியா எழுதிடுவேன்."

தபால் அக்கா வாங்கிப் புரட்டுவதுபோல் பாவனை செய்தாள். படிக்கத் தேவையில்லை, அசல் பதினொன்றும் அவள் மேஜையின் கீழ் இழுப்பறையில் இருந்தன. காலையில் குழாயில் செம்மண் நிறத்தில் வரும் தண்ணீர், அதன் நாற்றம், நனைத்த வெள்ளைத் துணியில் விழுந்த கறை, புகார் கொடுத்த தேதிகள். முதல் கடிதம் கோபமாக இருந்தது. பிறகு கோபத்தைக் குறைத்து, நீளத்தைக் குறைத்து, ஒன்பதாவதில் நன்றி வணக்கம் எல்லாம் போட்டிருந்தாள்.

ஒன்றிலும் தப்பில்லை. முதல் கடிதம் வந்தபோது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று எடுத்து வைத்தாள் தபால் அக்கா. இரண்டாவதற்கு இடமில்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். மூன்றாவதிலிருந்து காரணம் தேடுவதையும் விட்டுவிட்டாள்.

"மேலிடத்து உத்தரவுங்க. நான் என்ன பண்ணட்டும்?" என்றாள்.

"ஓ, அப்படியா" என்றாள் தையல்காரம்மா. "அப்ப உங்களைச் சொல்லிக் குத்தமில்ல." காகிதங்களைத் தட்டி அடுக்கிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அந்த ஒரு வார்த்தை தபால் அக்காவை உட்காரவிடவில்லை. எழுந்து தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள். எந்த மேலிடம்? எந்த உத்தரவு?

சாயங்காலம் வீட்டிலும் அதே கதைதான். துடைத்த அடுப்பையே துடைத்தாள். அவள் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். நாள் முழுக்க அடுத்தவர் பயத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பழகியவர். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"சில பேர் கிளட்ச்சுலயே கால வச்சிக்கிட்டு ஓட்டுவாங்க. வண்டியும் தேயும், வேகமும் வராது."

"என்னைத்தான சொல்றீங்க?"

"நான் பொதுவா சொன்னேன்."

மறுநாள் காலை ஆசிரியரின் அறைக்குப் போனாள்.

"சார், தண்ணி விஷயத்துல கடிதம் போடக்கூடாதுன்னு ஏதாவது உத்தரவு இருக்கா?"

ஆசிரியர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். "யாரும்மா சொன்னது?"

"யாரும் சொல்லல."

"என்கிட்டயும் யாரும் சொல்லல. சொல்லியிருந்தா அன்னைக்கே ராஜினாமா பண்ணியிருப்பேன்." அதைச் சொல்லும்போது அவர் முதுகு நிமிர்ந்தது.

"அப்ப நாளைக்குப் போடட்டுங்களா?"

"நாளைக்கேவா?" மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "அது உங்க பக்கம்மா. இத்தனை வருஷத்துல நான் என்னைக்காவது கேட்டிருக்கேனா?"

சரி என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. பிடி கொடுக்காமல் பேசுவதில் மனுஷன் விலாங்கு மீன். ஆனால் தானும் இத்தனை மாதம் அதே குட்டையில்தான் நீந்திக்கொண்டிருந்தோம் என்று நினைத்தபோது அவளுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை; பயம்தான் வந்தது.

நான்காவது கடிதத்தைத் தேர்ந்தெடுத்தாள். சின்னது, தண்ணீர் நிறுவனத்தில் கொடுத்த இரண்டு புகார்களின் எண்களும் அதில் இருந்தன. தையல்காரம்மாவுக்கு ஃபோன் போட்டு வழக்கம்போல் உறுதி செய்துகொண்டாள். முதலில் பக்கத்தின் நடுவில் ஏழாவதாக வைத்தாள். கூட்டத்தில் ஒளித்துவைத்த மாதிரி இருந்தது. எடுத்து உச்சியில் போட்டாள்.

பக்கம் வடிவமைக்கிறவன் திரும்பிப் பார்த்தான். "அக்கா, தெரிஞ்சுதான் பண்றீங்களா?"

"உன்கிட்ட யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"இல்லக்கா. சும்மா கேட்டேன்."

"எல்லாரும் சும்மாதான் கேக்குறோம்."

கடிதம் வந்தது. அன்று முழுக்க மேஜையில் ஃபோன் மணி அடிக்கும்போதெல்லாம் முதலாளியோ என்று நினைத்துத்தான் எடுத்தாள். ஒருவர் முகவரி மாற்றம் சொன்னார். ஒருவர் குறுக்கெழுத்தில் பிழை என்றார். முதலாளி கூப்பிடவில்லை, ஆசிரியரும் கூப்பிடவில்லை. மூன்றே நாளில் தண்ணீரைப் பற்றி அறுபத்து மூன்று கடிதங்கள் வந்து குவிந்தன. அவற்றிலிருந்து தினம் இரண்டு போட்டாள். ஐந்தாம் நாள் தண்ணீர் நிறுவனத்தின் மக்கள் தொடர்பு அதிகாரி தேனொழுக ஒரு பதில் அனுப்பினார். அதையும் போட்டாள்.

எட்டாம் நாள் கடிதப் பக்கம் அரைப் பக்கமானது. கீழ்ப்பாதியில் விளம்பரம்: இலை நுனியில் ஒரு துளி தண்ணீர், அடியில் நிறுவனத்தின் பெயர்.

"புது வடிவமைப்பும்மா. மூணு மாசமா பேச்சு நடக்குது" என்றார் ஆசிரியர்.

இருக்கலாம். மூன்று மாசமாகப் பேசியும் இருக்கலாம். யாரிடம் கேட்டாலும் அந்தப் பதில்தான் வரும், அது உண்மையாகவும் இருந்துவிடும். "கடிதத்துக்காகத்தான் பண்ணாங்கன்னு தெரிஞ்சா சண்டை போடலாம், இல்லன்னு தெரிஞ்சா தூங்கலாம். இது ரெண்டும் இல்ல" என்று கணவரிடம் சொன்னாள். அவர் இந்தத் தடவை சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் தையல்காரம்மாவே ஃபோன் செய்தாள். பின்னால் தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"எங்க தெருவுல தோண்டிக் குழாயை மாத்திட்டாங்க. தண்ணி கண்ணாடி மாதிரி வருது. பக்கத்துத் தெருவுல பழையபடிதான். வந்த ஆபீசரு, 'இனிமே எழுத மாட்டீங்கல்ல?'ன்னு கேட்டுட்டுப் போறாரு. பக்கத்துத் தெருவுக்காக நான் எழுதினா போடுவீங்களா, இல்ல அவங்கதான் எழுதணுமா?"

தபால் அக்காவுக்கு அதற்கு முன்னால் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. "அன்னைக்கு மேலிடத்து உத்தரவுன்னு சொன்னேன்ல. அப்படி ஒண்ணும் இல்லீங்க. நானாத்தான் போடாம இருந்தேன்."

மிஷின் நின்றது.

"பதினொண்ணுமா?"

"பதினொண்ணும்."

வைத்துவிட்டாளோ என்று தபால் அக்கா ஃபோனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். வைக்கவில்லை.

"ஏழாவது லெட்டர் எழுதுறப்ப எம் பொண்ணு வாந்தியும் பேதியுமா ஆஸ்பத்திரியில கிடந்தா" என்றாள் தையல்காரம்மா. "அவ கட்டில் பக்கத்துல உக்காந்துதான் எழுதினேன். அவளைப் பத்தி எழுதினா அழுது காரியம் சாதிக்கிறான்னு நினைப்பீங்கன்னு, அதை மட்டும் விட்டுட்டேன்."

தபால் அக்காவுக்கு மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. கேட்டால் கொடுத்துவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

"இப்ப எழுதுங்க" என்றாள். "பொண்ணைப் பத்தியும், பக்கத்துத் தெருவைப் பத்தியும். அந்த ஆபீசர் கேட்டதையும்."

"அரைப் பக்கம்தான இருக்கு உங்களுக்கு. பார்த்தேன்."

"ஆமா. ஆறு கடிதம் பிடிக்கும்."

"எழுதி அனுப்பி, அது வந்து சேர்ந்து, நீங்க எடுத்து…" தையல்காரம்மா நிறுத்தினாள். "இப்பவே சொல்றேன். எழுதிக்கறீங்களா?"

தபால் அக்கா பேனாவைத் தேடினாள், கிடைக்கவில்லை. பக்கத்து மேஜையில் கிடந்த பென்சிலை எட்டி எடுத்தாள்.

"சொல்லுங்க" என்றாள்.